திங்கட்கிழமை எடையும் அரைஞாண் கயிறும்

ஐந்து வாரமாக எடைக்கருவி 84 கிலோவைச் சுற்றியே நின்றது. ஈரோடு வ.உ.சி. பூங்காவில் தினமும் 45 நிமிட நடை, இரவில் இரண்டே கம்பு தோசை. பிறகு அந்தத் தோசையையும் விட்டேன். நடையைக் கூட்டினேன். எடைக்கருவிக்குப் பேட்டரிகூட மாற்றினேன். பயனில்லை.

ஒருநாள் குளிக்கும்போது அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது. இரண்டு விரல் நுழைந்த இடத்தில் நான்கு நுழைந்தது! அப்போதுதான் உறைத்தது: நான் எடை பார்ப்பது திங்கட்கிழமை காலையில் மட்டும். ஞாயிறு மதியம் பள்ளிபாளையம் சிக்கனும் அரிசிம்பருப்புச் சோறும். அந்த உப்பும் மாவுச்சத்தும் உடலில் நீரைப் பிடித்துவைக்கும். வாரத்துக்கு 300 கிராம் குறைந்தால் அதில் எங்கே தெரியப்போகிறது?

தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் குறித்தேன். 83.6, 83.3, 82.9. வீணாகப் பட்டினி கிடந்ததுதான் எரிச்சல். தோசை திரும்பிவிட்டது, கயிற்றில் புது முடிச்சும் போட்டாயிற்று.