ஹோரஸ், மித்ராஸ், கிருஷ்ணன், இயேசு: டிசம்பர் ஃபார்வர்டில் உள்ள பிழைகள்

டிசம்பர் பிறந்தால் போதும், அந்த ஃபார்வர்டு வந்துவிடும். எகிப்தின் ஹோரஸ், பாரசீகத்தின் மித்ரா, நம் கிருஷ்ணன் என்று ஒரு பட்டியல். எல்லோரும் கன்னிக்குப் பிறந்தவர்களாம், டிசம்பர் 25இல் பிறந்தவர்களாம், பன்னிரண்டு சீடர்களாம், சிலுவையில் மாண்டு மூன்றாம் நாள் எழுந்தவர்களாம். ஆகவே இயேசு கதை காப்பியடித்தது என்று முடியும். கல்லூரி நாட்களில் நானும் இதை ஒப்பித்து வாதாடியிருக்கிறேன். பிறகு அந்தத் தெய்வங்களின் கதைகளைத் தேடிப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் போனது.

பெரிய தவறே அதுதான். பட்டியலைப் படிக்கிறோம், கதையைப் படிப்பதில்லை. ஹோரஸை எடுத்துக்கொள்வோம். ஒசிரிஸை அவன் தம்பி சேத் கொல்கிறான். மனைவி ஐசிஸ் உடலைத் தேடி மீட்டு, இறந்த கணவனோடு கூடித்தான் கருவுறுகிறாள். அபிடோஸில் முதலாம் சேத்தி மன்னன் கட்டிய கோயில் சுவரில், பருந்து வடிவில் ஐசிஸ் ஒசிரிஸின் உடல்மேல் இறங்கும் காட்சியே செதுக்கப்பட்டிருக்கிறது. இதில் கன்னி எங்கே? சிலுவையும் கிடையாது, பன்னிரண்டு சீடர்களும் கிடையாது. ஒசிரிஸும் எழுந்து பூமிக்குத் திரும்புவதில்லை. இறந்தோர் உலகத்துக்கு அரசனாகிறான்.

மித்ராவின் கதை, ரோமானியர் பெயரில் மித்ராஸ் கதை, இன்னும் வேடிக்கை. ரோமானியச் சிற்பங்களில் அவர் பாறையிலிருந்து பிறக்கிறார், அதுவும் வளர்ந்த இளைஞனாக, கையில் கத்தியும் தீப்பந்தமும் ஏந்தி. பாறையும் கன்னிதானே என்று யாராவது வாதிட்டால் என்னிடம் பதில் இல்லை! ரோமானிய மித்ராஸ் வழிபாட்டினர் வேதம் என்று எதையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை. மிஞ்சியவை நிலவறைக் கோயில்கள், கல்வெட்டுகள், காளையைக் கொல்லும் சிற்பங்கள். கால வரிசையும் இடிக்கிறது. ரிக் வேதத்து மித்திரனும் ஈரானின் மித்ராவும் மிகப் பழையவர்கள், உண்மை. ஆனால் காளையைக் கொல்லும் ரோமானிய மித்ராஸுக்குச் சான்றுகள் முதல் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைக்கத் தொடங்குகின்றன. தொடக்ககாலக் கிறித்தவப் போதகர் பவுலின் கடிதங்கள் 50களிலேயே எழுதப்பட்டுவிட்டன. கிறித்தவ எழுத்தாளர் ஜஸ்டின் 150களில், எங்கள் அப்பச் சடங்கை மித்ராஸ்காரர்கள் காப்பியடிக்கிறார்கள் என்று புலம்பியிருக்கிறார். அவர் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டியதில்லைதான். ஒரே தெருவில் இரண்டு கடை இருந்தால் இந்தச் சண்டை வரத்தானே செய்யும்.

கிருஷ்ணன் விஷயம் நம் பாட்டிகளுக்கே தெரியும். தேவகிக்கு அவன் எட்டாவது பிள்ளை. அவன் இறந்தது ஜரா என்ற வேடனின் அம்பு பாதத்தில் பட்டு. அப்புறம் கிருஷ்ணன், கிறிஸ்து என்ற பெயர்ப் பொருத்தம். தமிழில் சிலர் 'கிருஸ்து' என்று எழுதுவதால் அது இன்னும் எடுபடுகிறது. 'கிறிஸ்டோஸ்' கிரேக்கச் சொல். எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள். எபிரேயத்தின் 'மெசியா'வுக்கு நேர் மொழிபெயர்ப்பு. 'கிருஷ்ண' என்றால் கருமை. இரண்டுக்கும் ஒலி தவிர உறவில்லை. இந்த முடிச்சைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் லூயி ஜாகோலியோ. இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதியில் நீதிபதியாக இருந்தவர். 1869இல் அவர் எழுதிய நூலை மாக்ஸ் முல்லர் போன்ற சமஸ்கிருத அறிஞர்கள் அப்போதே ஏற்கவில்லை. 1875இல் கெர்சி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கர், சிலுவையில் அறையப்பட்ட மீட்பர்கள் மொத்தம் பதினாறு பேர் என்று ஒரு புத்தகமே போட்டார். இன்றைய பட்டியலின் பாட்டன் அதுதான்.

ஈஸ்டர் என்பது பாபிலோனியத் தெய்வம் இஷ்டாரின் பெயர் என்பதும் இதே வகை. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நாத்திகர் அல்லர்; அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். கத்தோலிக்கத் திருச்சபை பழைய பாபிலோனிய மதமே என்று நிறுவ 1850களில் அவர் எழுதியதை, இன்று மதமே வேண்டாம் என்பவர்கள் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். 'ஈஸ்டர்' என்ற பெயர் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும்தான் வழங்குகிறது. கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு எல்லாவற்றிலும் அது யூதரின் 'பெசாக்' விழாவின் பெயரிலிருந்து வந்தது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் பாஸ்கா என்கிறார்களே, அதே சொல்தான்.

சரி, டிசம்பர் 25? பைபிளில் பிறந்த தேதியே இல்லை. ஆகவே வேறொரு தெய்வம் அதே நாளில் பிறந்திருந்தாலும், நற்செய்தி எழுதியவர்கள் காப்பியடித்ததற்கு அது சான்றாகாது. தேதி பிற்காலத்தில் வந்தது. 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட நாட்காட்டி ஒன்றில் இந்த நாளுக்கு இரண்டு பதிவுகள் உண்டு: ஓரிடத்தில் 'வெல்ல முடியாதவனின் பிறந்த நாள்', அதாவது சூரியன், இன்னோரிடத்தில் பெத்லகேமில் கிறிஸ்து பிறப்பு. சூரிய விழாவைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்பது ஒரு கருத்து. இயேசு கருவானதாகக் கருதப்பட்ட மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் கணக்கிட்டார்கள் என்பது மற்றொன்று. ஆய்வாளர்கள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. இதைத் தீர்ந்துபோன விஷயமாகப் பேசுகிறவரைக் கண்டால் நான் சற்று ஒதுங்கிக்கொள்வேன்.

திருச்சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் ஓட்டுப் போட்டு பைபிளைத் தொகுத்தார்கள் என்பதும் தவறு. 325இல் அங்கே பேசியது இயேசு கடவுளுக்குச் சமமானவர் அல்லர் என்ற ஆரியஸின் கொள்கையையும் பாஸ்கா தேதியையும் பற்றி. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே இடம்பெறும் முதல் பட்டியல், 367இல் ஆயர் அத்தனாசியஸ் எழுதிய கடிதத்தில்தான் கிடைக்கிறது. ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறித்தவத்தை அரச மதமாக்கவும் இல்லை. அதைச் செய்தவர் பின்னாளில் வந்த பேரரசர் தியடோசியஸ், 380இல்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, கிறித்தவம் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை' என்று கிளம்புவது எதிர்ப்பக்கத் தவறு. வத்திக்கானுக்கு அடியில் உள்ள பழைய கல்லறை மாடம் ஒன்றில், சூரியனைப் போலத் தலையைச் சுற்றிக் கதிர்களோடு தேரில் செல்லும் உருவம் ஒன்று மொசைக்கில் உள்ளது. அது கிறிஸ்துவே என்று பலரும் கருதுகிறார்கள். பைபிளின் பெருவெள்ளக் கதையோ பழைய மெசொப்பொத்தாமியாவின் கில்கமெஷ் காவியத்திலும் இருக்கிறது; ஜார்ஜ் ஸ்மித் அந்தக் களிமண் பலகையைப் படித்து 1872இல் அறிவித்தபோது லண்டனே பரபரத்தது. கொடுக்கல் வாங்கல் நடந்தது உண்மை. எது, எப்போது, யாரிடமிருந்து என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒற்றுமை தெரிந்தவுடனே காப்பி என்று முடிவுகட்டும் இந்தப் பழக்கத்தைக் கண்டித்துச் சாமுவேல் சாண்ட்மெல் என்ற யூத அறிஞர் 1962இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

எனக்குப் பெரிய வியப்பு வேறு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுபோல, யூத மரபை விட்டுவிட்டு எகிப்துக்கு ஓடுகிறோம். கன்னிப் பிறப்புக்கு மத்தேயு காட்டுவது யூத வேத நூலான ஏசாயாவின் ஒரு வரியை. எபிரேயத்தில் அங்கே இருப்பது 'அல்மா', இளம்பெண். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'பார்த்தெனோஸ்', கன்னி, என்றாகியிருந்தது. 'மூன்றாம் நாளில் நம்மை எழுப்புவார்' என்ற வரியும் யூத வேதத்தின் ஓசேயா நூலிலேயே இருக்கிறது. கேள்வி கேட்க நினைப்பவருக்கு இங்கேதான் நிறைய வேலை.

சிலுவைக்கு மட்டும் இப்படி ஒரு முன்மாதிரியைக் காட்டுவது கடினம். அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோம் கொடுத்த கேவலமான தண்டனை. சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து யூதருக்கு இடறல், மற்றவருக்கு மடமை என்று பவுலே எழுதுகிறார். ரோமின் பாலத்தீன் குன்றில், ஏறத்தாழ 200ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்தது. கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான்; கீழே ஒருவன் கையுயர்த்தி வணங்குகிறான். பக்கத்தில் கிரேக்கத்தில், 'அலெக்ஸமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான்' என்று எழுதியிருக்கிறது. ஊரெல்லாம் சிலுவையில் மாண்ட தெய்வங்கள் இருந்திருந்தால், அந்தக் கிண்டலுக்கு யார் சிரித்திருப்பார்கள்?