பாண் விலையில் தொடங்கும் உலகப் பாடம்: எங்கே தவறுகிறோம்?

தமிழோடு வரலாறு, குடியியல் பாடங்களைச் சேர்த்து நடப்பு உலக விவகாரம் ஒன்றைக் கற்பிக்கும்போது, தலைப்பிலேயே சறுக்கிவிடுகிறோம். "உலகப் பொருளாதார நெருக்கடி" என்று கரும்பலகையில் எழுதினால், தரம் 9 பிள்ளை புத்தக வசனத்தைத்தான் திருப்பித் தரும். திருகோணமலையில் இருப்பவருக்கு அவ்வளவு சுற்று எதற்கு? சீனக்குடாவில் பிரிமா மா ஆலை இருக்கிறது. கோதுமை கப்பலில் வருகிறது. 2022இல் பாண் விலை ஏன் ஏறியது என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு, "உக்ரைன் போர்" என்ற பதிலோடு நின்றுவிடவும் கூடாது. அந்த ஆண்டு பெப்ரவரி 24இல் ரஷ்யா படையெடுத்தது. உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால் பங்குக்கு மேல் அந்த இரு நாடுகளுடையது என்பதால் விலை பாய்ந்தது. சரி. ஆனால் மார்ச்சில் நமது ரூபாயும் சரியத் தொடங்கியது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. கருங்கடல் பக்கத்துப் போரை மட்டும் காட்டினால் கொழும்பில் அரசு எடுத்த முடிவுகள் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

தமிழ்ப் பாடம் இங்கேதான் வேலை செய்ய வேண்டும். செய்தியில் அருஞ்சொற்களுக்குக் கோடிட வைத்துவிட்டு ‘ஒருங்கிணைந்த கற்பித்தல்’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது நம் வழக்கம். அதில் ஒருங்கிணைப்பு எதுவும் இல்லை. "விலை அதிகரித்துள்ளது", "விலை அதிகரிக்கப்பட்டுள்ளது", "நிறுவனம் விலையை அதிகரித்துள்ளது" என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போடுங்கள். செய்தது யார் என்பது கடைசி வசனத்தில் மட்டுமே தெரிகிறது. "அதிகரிக்கப்பட்டுள்ளது" போன்ற செயப்பாட்டுவினையைப் பரீட்சைக்கு மனனம் செய்த பிள்ளை, இப்போது அதைப் பத்திரிகையில் தேடிப் பிடிக்கும். ஒரே நாளில் வந்த இரண்டு பத்திரிகைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் வந்ததையும் எடுக்கலாம், திகதியும் மூலமும் விசாரித்த பிறகு.

காசா போன்ற விடயங்களில் இன்னொரு தவறு நடக்கிறது: "நீங்கள் முஸ்லிம்தானே, சொல்லுங்கள்" என்று ஒரு பிள்ளையை எழுப்பிவிடுவது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் சேர்ந்து வாழும் ஊர் இது. நமது உள்நாட்டுப் போரில் ஆளை இழந்த வீடுகளும் உண்டு. யாரையும் அவரது சமூகத்தின் பேச்சாளராக நிறுத்தாதீர்கள். முதலில் எழுதட்டும்; விரும்பியவர் வாசிக்கட்டும்.

அப்புறம் புள்ளி. தமிழ் ஆசிரியர் எழுத்துப்பிழையைப் பார்க்கிறார், வரலாற்று ஆசிரியர் ஆண்டைப் பார்க்கிறார். காரணத்தை ஆதாரத்தோடு சொன்னதற்கு இருவருமே புள்ளி போடுவதில்லை. அதற்கென்று தனியாகப் புள்ளி ஒதுக்கி, எழுதத் தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.