கேபினெட் மாட்டும் முன் சுவரைப் பாருங்கள்

எந்தச் சுவரும் நேராக இருக்காது, பார்க்க எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் சரி. அதனால் கேபினெட்டைத் தூக்குவதற்கு முன் நீளமான மட்டப்பலகையைச் சுவரில் சாய்த்து எங்கே புடைத்திருக்கிறது, எங்கே குழிந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தரையையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கீழ் கேபினெட்டின் உயரக் கோட்டைத் தரையின் மிக மேடான இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும், ஏனென்றால் பள்ளத்தில் முட்டுக்கொடுத்து உயர்த்தலாம், மேட்டில் கேபினெட்டின் அடியைத்தான் அறுக்க வேண்டியிருக்கும்.

பலர் தவறுவது ஸ்க்ரூ முடுக்கும்போதுதான். பின்னால் இடைவெளி இருக்கும்போதே இறுக்கினால் பெட்டி சுவரின் வளைவுக்கு ஏற்ப முறுக்கிக்கொள்ளும், அப்புறம் கதவு எத்தனை முறை கீலைத் திருகினாலும் ஒழுங்காக மூடாது (கதவு செய்தவரைத் திட்டுவோம், பாவம்). ஸ்க்ரூ போகும் இடத்திலேயே மெல்லிய ஆப்பு செருகி, ரசமட்டம் பார்த்து, பிறகு முடுக்குங்கள். பக்கத்துப் பெட்டிகளை முன்விளிம்பு சமமாக இருக்கும்படி கிளாம்ப் போட்டு முதலில் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் வேலை பாதி குறையும்.

ஓரத்தில் மிஞ்சும் சந்துக்கு ஒரு பட்டி வைத்து, சுவரின் வளைவை அதில் வரைந்து இழைத்துப் பொருத்தினால் போதும்.