வேளாங்கண்ணி நடைப்பயணம்: இரவுத் தங்கலைச் சரிசெய்தது எப்படி?

புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு முதன்முறை நடந்தபோது, மொத்தத் தூரத்தை நாள் கணக்கில் சமமாக வகுத்துத் தங்குமிடங்களைக் குறித்திருந்தேன். கடலூரைக் கடந்த இரவு, நான் குறித்திருந்த இடத்தில் ஒதுங்க ஒரு கூரைகூட இல்லை. மழையில் நனைந்த காலுறை உராய்ந்து குதிகாலில் கொப்புளம் உடைந்திருக்க, இருட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்த அந்த இரண்டு மணி நேரத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

மறு ஆண்டு கணக்கைத் தலைகீழாக மாற்றினேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முந்தைய மாலை சென்றுசேர வேண்டும் என்று வைத்துக்கொண்டு, வேளாங்கண்ணியிலிருந்து பின்னோக்கி நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் என்று ஊர்களைத்தான் எண்ணினேன். கிலோமீட்டரை அதன் பிறகே பார்த்தேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நீண்ட பகுதியைப் புதுச்சத்திரத்தில் இரண்டாகப் பிரித்தேன். (வழிப்போக்கர் தங்கிய சத்திரத்தின் நினைவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.) ஒவ்வோர் ஊரிலும் தேவாலயத்தையோ மண்டபத்தையோ முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்தேன். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியை நடந்து, இருட்டும் முன் தங்குமிடம் சேர்ந்தேன். அந்த ஆண்டு காலில் ஒரு கொப்புளமும் வரவில்லை.