பிரசவ அறையின் தரத்தை அளப்பது எப்படி?

மாதம் 60 பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் சில ஆண்டுகளுக்கு ஒரு தாய்மரணமும் பதிவாகாமல் போகலாம். சிக்கலான கேஸ்களை மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே மரணத்தை எண்ணித் தரத்தைச் சொல்ல முடியாது. செய்யவேண்டியதை நேரத்தில் செய்தார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

முன்னறிவிப்பின்றி இரவு ஷிப்டில் போங்கள். முதலில் ஃபிரிட்ஜ்: பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன? அடுத்து, கர்ப்பகால ரத்தக்கொதிப்பால் வரும் வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட். முதல் டோஸ் ரத்தக்குழாய் வழியே 4 கிராம், இரு புட்டத்திலும் 5 கிராம் வீதம் 10 கிராம். 1 கிராம் ஆம்பியூல் என்றால் 14 வேண்டும். டிரேயில் எண்ணிப் பாருங்கள். பணியிலிருக்கும் நர்ஸை மருந்து கலக்கும் விதத்தைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பெட்டியில் மருந்து இருந்தும் கைக்குக் கணக்குத் தெரியாமல் போவது சகஜம்.

பிரசவத்தை நேரில் பார்க்கும்போது கையில் கடிகாரம் இருக்கட்டும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் தசையில் போட்டாக வேண்டும். கேஸ் ஷீட்டில் 'கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால் நேரம் தெரியாது. உதிரப்போக்கைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். அளவுக்கோடு போட்ட பையில் பிடியுங்கள். இல்லையேல் நனைந்த துணியை எடைபோட்டு உலர்ந்த எடையைக் கழியுங்கள், 1 கிராமை 1 மில்லி என்று வையுங்கள். சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தொட்டால் அது அதிக உதிரப்போக்கு.

பொறுப்பாளர் எடுத்துத் தரும் கேஸ் ஷீட்டுகளை நம்பாதீர்கள். பிரசவப் பதிவேட்டில் ஐந்தாவது, பத்தாவது என்று வரிசைப்படி 20 எடுங்கள். வெளியே அனுப்பியவர்களின் பதிவேட்டையும் சேருங்கள். கருப்பை வாய் விரிவதையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் நேரப்படி குறிக்கும் வரைபடமான பார்ட்டோகிராஃப் முழுவதும் ஒரே மையில், குழந்தையின் இதயத்துடிப்பு எல்லாக் கட்டத்திலும் 140 என்றிருந்தால் பிரசவம் முடிந்த பிறகு நிரப்பியது என்று சந்தேகப்படலாம். கருப்பை வாய் முழுதும் விரிந்த நிலையில் வந்தவருக்கும் அழகான வளைகோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தாய்மாரை வார்டில் கேட்டால் "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்பார்கள். வீட்டுக்குப் போன பிறகு, மருத்துவமனையைச் சேராத ஒருவர் கேட்கட்டும். திருப்தியா என்று கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: வயிற்றை அழுத்தினார்களா? அடித்தார்களா, திட்டினார்களா? பணம் கேட்டார்களா? கூட ஒருவரை இருக்க விட்டார்களா?

பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என மதிப்பெண். பட்டியல் நல்லதுதான். ஆனால் மொத்தச் சதவீதத்தோடு நிறுத்தினால், வெள்ளையடித்த சுவருக்குக் கிடைத்த மதிப்பெண் மெக்னீசியம் இல்லாத குறையை மறைத்துவிடும். உயிர்காக்கும் அம்சங்களைத் தனி வரியாக எழுதி, அதில் 0 வாங்கியதை அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.