பிப் கண்ணியமானவனா? தீர்ப்புச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ (1860–61) நாவலைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் சறுக்குவது ஒரு சொல்லில்தான். “பிப் கௌரவமாக நடந்துகொண்டானா?” என்று கேட்கிறார்கள். நம் பேச்சில் கௌரவம் பார்ப்பது வேறு, கண்ணியமாக நடப்பது வேறு. கதாநாயகன் பிப் கிராமத்து ஏழைச் சிறுவன்; திடீரென்று பணவசதி வாய்த்து லண்டனுக்குப் போனதும் அவனைப் பிடித்த நோயே கௌரவம் பார்ப்பதுதானே!

அடுத்து, பிப்பின் தீர்ப்பை நம் தீர்ப்பாக்கிக்கொள்வது. கதை சொல்பவன் வளர்ந்துவிட்ட பிப்; சின்ன வயதுப் பிப்பை வரிக்கு வரி திட்டுகிறான். செயலை ஒரு பக்கமும் பின்னால் வந்த வருத்தத்தை மறுபக்கமும் குறித்துக்கொண்டு படியுங்கள்.

27ஆம் அத்தியாயத்தில், பிப்பை வளர்த்த அக்காள் கணவர், கொல்லர் ஜோ, லண்டனுக்கு வருகிறார். கணப்பின் மேல் வைத்த தொப்பி விழுந்துகொண்டே இருக்கிறது, பிப் கூசிப்போகிறான். பல கட்டுரைகள் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. ஆனால் கூச்சம் தானாக வருவது. ஜோ கிளம்பியதும் பிப் அவரைத் தேடி வெளியே ஓடவும் செய்கிறான். அடுத்த அத்தியாயத்தைப் பாருங்கள். ஊருக்குப் போகிறவன் ஜோ வீட்டில் தங்காமல் ‘ப்ளூ போர்’ விடுதிக்குச் சாக்குத் தேடுகிறான்: ஜோவுக்குத் தொந்தரவு, படுக்கை தயாராக இருக்காது, தான் பார்க்கப்போகும் பணக்காரப் பெண்மணி மிஸ் ஹவிஷாம் வீட்டுக்குத் தூரம். கண்ணியம் தவறுவது இங்கேதான், யோசித்து, யாரும் பார்க்காத இடத்தில்.

சிறுவயதில், தப்பியோடிய ஒரு கைதிக்காக பிப் உணவு திருடியதை இரக்கம் என்று எழுதாதீர்கள். ஈரலைப் பிடுங்கிவிடுவேன் என்ற மிரட்டலுக்குப் பயந்து திருடினான். மறுநாள் காலை அந்த மனிதன் தின்பதைப் பார்க்கும்போதுதான் இரக்கம் வருகிறது.

பிப் ஊதாரி என்று மட்டும் எழுதினால், லண்டன் நண்பன் ஹெர்பர்ட்டுக்கு அவன் செய்தது விடுபட்டுப்போகும். ஹெர்பர்ட்டைத் தொழிலில் பங்காளியாக்க மிஸ் ஹவிஷாமிடம் பிப் 900 பவுண்டு கேட்கிறான். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. ஹெர்பர்ட்டுக்கும் தெரியக் கூடாது என்கிறான்.

கடைசியாக, ஜோவைத் தெய்வமாக்குவது. பிப்பின் கடன் 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸை அடைத்துவிட்டு, அவன் எழுமுன்பே கிளம்பிப் போனவர்தான். ஆனால் சிறுவன் பிப்பை அக்காள் பிரம்பால் விளாசியபோது தடுத்து நிறுத்த அவரால் முடியவில்லை. குறுக்கே போனால் அவனுக்கு இன்னும் பலமாக விழும் என்று பிற்பாடு அவரே சொல்கிறார். அது காரணமா, சாக்கா என்பதைக் கட்டுரையில் விவாதியுங்கள்.