பெஞ்சை ஓரம் தள்ளுங்கள்: அறிவியலை ஆடிக் கற்பிப்பது எப்படி

முதலில் ஆண்டு விழா நாடகத்தை மறந்துவிடுங்கள். தெர்மாகோல் கிரீடம் வைத்த ஒரு பிள்ளை மேடைக்கு வந்து "நான்தான் சூரியன், உலகுக்கு ஒளி தருகிறேன்" என்று ஒப்பித்துவிட்டு, அம்மா போட்டோ எடுத்தாரா என்று பார்த்துக்கொண்டே இறங்கிப் போகுமே, அது பாடப்புத்தகத்துக்கு வேஷம் கட்டியது, அவ்வளவுதான். நான் சொல்வது வேறு. பிள்ளையின் உடம்புக்கு ஒரு விதி கொடுக்க வேண்டும்: இப்படி நகரலாம், இப்படி நகரக் கூடாது. அந்த விதிதான் அறிவியல். வசனம் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நான் சென்னையில் நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு எடுக்கிறேன். நாற்பது பிள்ளைகள், பெஞ்ச் போட்டதும் நடக்க இடமில்லாத ஓர் அறை, தடதடவென்று ஒரு ஃபேன். இந்த நிலைமையில்தான் செய்கிறேன், அதனால் "எங்க ஸ்கூல்ல இடமில்லையே" என்பதை ஏற்க மாட்டேன். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினால் நடுவில் பத்துப் பதினைந்து பேர் அசைய இடம் கிடைக்கும். மீதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஆனால் சும்மா இல்லை: ஆளுக்கு ஒரு துகளை, அதாவது துகளாக ஆடும் ஒரு பிள்ளையை, கண்ணால் பின்தொடர்ந்து, அது எங்கே போனது என்று நோட்டில் கோடு போட வேண்டும். அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள்.

நிறுத்தும் சைகை இல்லாமல் இறங்காதீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த ஸ்டாச்சூ விளையாட்டையே வைத்துக்கொண்டேன். நான் "ஸ்டாச்சூ" என்றால் மூச்சு மட்டும்தான் விடலாம். பாடம் தொடங்கும் முன்னால் இதை மட்டும் ஐந்தாறு தடவை பழக்கிவிடுங்கள், பக்கத்து வகுப்பு மிஸ் வந்து எட்டிப் பார்ப்பது பாதியாகக் குறையும். ஓர் ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் அறிவியல் கரைந்து வெறும் கும்மாளம்தான் மிஞ்சும். மைதானம் என்றால் காலை முதல் பீரியடில் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு யாரையும் நிறுத்தாதீர்கள்.

சரி, தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கலாம். தரையில் சாக்பீஸால் ஐந்தடிக்கு ஐந்தடி ஒரு கட்டம். அதற்குள் பத்துப் பேர், ஒவ்வொருவரும் ஒரு தண்ணீர்த் துகள். விதி: யாராவது ஒருவரின் தோளை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் ஒருவரிடமே நிற்கக் கூடாது, வழுக்கி வழுக்கி மாறிக்கொண்டே இருக்கணும். என் கையில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் இருக்கும். வேகமாகத் தட்டினால் சூடு, மெதுவாகத் தட்டினால் குளிர். தட்டல் வேகம் ஏற ஏற நகரும் வேகமும் ஏறி, ஓரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டுப் பறந்து போவார்கள். பறந்தவர்களுக்கு விதி வேறு: யாரையும் தொடாமல் நேராக நடக்கணும், சுவரிலோ ஆளிலோ மோதப்போனால் திரும்பி வேறு திசை. ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அதனால் வராண்டா கதவைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒருமுறை டம்ளரை வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் மட்டும் நகராமல் கன்னத்தை உப்பி, கையை அகட்டி, பலூன் மாதிரி நின்றான். "என்னடா பண்றே?" என்றேன். "சூடாயிட்டேன் மிஸ், அதான் பெருசாவுறேன்." சூடானால் பொருள் விரியும் என்று அவன் படித்தது சரிதான், ஆனால் ஒவ்வொரு துகளும் வீங்கும் என்று மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறான். எழுத்துத் தேர்வில் இந்தத் தப்பு என் கண்ணுக்கு ஒருநாளும் பட்டிருக்காது, "வெப்பத்தால் விரிவடையும்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பான். நான் திருத்தவில்லை, எல்லோருக்கும் ஸ்டாச்சூ சொல்லிவிட்டு, "நீ பெருசானியா, இல்ல உனக்கும் பக்கத்துல இருக்கிறவளுக்கும் நடுவுல இடம் பெருசாச்சா?" என்று மட்டும் கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு உப்பிய கன்னத்தை மெதுவாக விட்டான். இன்னொரு பெண், கதவுக்கு வெளியே போனவள், "மிஸ், நான் செத்துட்டேனா?" என்றாள். இல்லை, வராண்டாவில் இருக்கிறாய், அதே ஆள்தான்.

இப்போது பனிக்கட்டி. இங்கேதான் நம்மில் பலர் வழுக்கி விழுகிறோம். திடப்பொருள் என்றால் நெருக்கமாக நிற்க வேண்டும் என்று பிள்ளைகளைப் புளிமூட்டை மாதிரி அடுக்குவோம். மெழுகுக்கு அது சரி. தண்ணீருக்குச் சரியில்லை. பனிக்கட்டியில் துகள்கள் ஓர் ஒழுங்கில் கோத்துக்கொள்வதால் நடுவில் வெற்றிடம் கூடுகிறது, கனஅளவு கிட்டத்தட்ட 9 சதவீதம் ஏறுகிறது. ஆகவே விதியை இப்படி மாற்றுங்கள்: பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடி, முழங்கை மடங்கக் கூடாது, காலை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே ஆடு. கையை நீட்டிக் கோத்தவுடன் இரண்டு பேராவது சாக்பீஸ் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். அப்போது கேளுங்கள்: இந்தக் கோடு ஒரு கண்ணாடி பாட்டிலாக இருந்தால்? வீட்டு ஃப்ரீசரில் பாட்டில் வெடித்த கதை எப்படியும் இரண்டு பேரிடமாவது இருக்கும்.

சென்னைப் பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆட்டம் உண்டு, கடற்காற்று. அறையின் குறுக்கே ஒரு கோடு, அதுதான் கடற்கரை. கிழக்குப் பக்கம் கடல், மேற்குப் பக்கம் ஊர் (நிஜமான திசையையே வைத்துக்கொள்ளுங்கள்). காற்றாக எட்டுப் பேர், பக்கத்துக்கு நாலு. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாக. அதனால் டம்ளர் தட்டியதும் ஊர்ப் பக்கக் காற்று கையைத் தூக்கும். கை தூக்கினால் மேலே இருக்கிறாய் என்று அர்த்தம். பெஞ்ச் மேல் ஏற்றினால் தத்ரூபமாக இருக்குமே என்று ஒருமுறை ஏற்றினேன், ஒரு முட்டி சிராய்த்தது, அதற்கப்புறம் கையோடு சரி. ஊர்க்காற்று மேலே போன இடம் காலியாக, கடல் பக்கம் இருப்பவர்கள் கையைக் கீழே வைத்தபடி கோட்டைத் தாண்டி உள்ளே வருவார்கள். கை தூக்கியவர்கள் கடல் பக்கம் போய்க் கையை இறக்குவார்கள். சுற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரிக்கு அப்படியே தலைகீழ்.

இதைச் செய்தபோது, கடலைவிட்டு மேற்கே தள்ளியிருக்கும் ஆவடியிலிருந்து வரும் ஒரு பெண், "அப்போ எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் மிஸ் லேட்டா வருது?" என்றாள். அருமையான கேள்வி, அதற்காகவே இன்னும் நாலு பேரை எழுப்பி மேற்குக் காற்றாக்கினேன். எதிரே நின்று உள்ளங்கையை உள்ளங்கையில் வைத்துத் தடுப்பதுதான் அவர்கள் வேலை. மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகத்தான் நுழையும், வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

சூரியன், பூமிக்கு ஒரே ஒரு பல்பும் ஒவ்வொருவரின் மூக்கும் போதும். ஜன்னலைச் சாத்தி நடுவில் பல்பை எரிய விடுங்கள். தலை உச்சி வட துருவம், மூக்கு நுனி சென்னை. அப்படியானால் இடது கைப் பக்கம் கிழக்கு. நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றினால் பல்பு இடது கண் ஓரத்தில் உதிக்கும், வலது ஓரத்தில் மறையும். பல்பு நகரவே இல்லை. மும்பையை மூக்குக்குச் சற்று வலப்பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் ஏழு டிகிரிக்குச் சற்று மேல் வித்தியாசம், டிகிரிக்கு 4 நிமிடம், ஆக அங்கே விடிய ஏறக்குறைய அரை மணி பிந்தும்.

ஒலிக்கு இதைவிட எளிது: வரிசையாக நிற்க வைத்து, முதல் ஆள் முன்னால் இருப்பவரின் தோளை லேசாக அழுத்த, அது கடைசி ஆள்வரை போகும். யாரும் இடம்விட்டு நகரவில்லை, தள்ளல்தான் போனது. இடைவெளி விட்டு நிறுத்தினால் தள்ளல் அங்கேயே நின்றுவிடும், நிலாவில் ஏன் சத்தம் கேட்காது என்பதை அப்படியே பேசலாம்.

எந்த ஆட்டத்திலும் ஒரு கட்டியங்காரன் வேண்டும். தெருக்கூத்தில் வருவாரே, ராஜாவையே இடைமறித்துக் கேலி பேசுவாரே, அவர்தான். ஒரு பிள்ளைக்குத் துண்டைத் தலையில் கட்டிவிட்டு, "ஆட்டத்தை எப்போ வேணா நிறுத்தி, இதுல எது பொய்னு சொல்லு" என்று அதிகாரம் கொடுத்துவிடுவேன். ஏனென்றால் எல்லா நாடகத்திலும் பொய் இருக்கும். துகளுக்குக் கண் கிடையாது, வழி பார்த்துத் திரும்பாது. அது டம்ளர் சத்தம் கேட்டு ஓடுவதும் இல்லை. பத்துப் பேர் இருக்கும் கட்டத்தை ஒரு சொட்டுத் தண்ணீர் என்று சொல்வதே பெரிய பொய். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும், நாம் சொல்லிவிட்டால் போச்சு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இந்த வேஷம் ஆச்சரியமாகப் பொருந்தும், நடிக்க வேண்டியதில்லை, குறை சொன்னால் போதும். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் டம்ளரை அவரிடம் கொடுங்கள், மொத்த வகுப்பும் அவர் கைக்கு ஆடும். தொடுவது பிடிக்காத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் கைக்குட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர் முகம் சுளித்தால் சண்டை வேண்டாம். 2003-லேயே மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிய ஊர் இது, 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டும் நடிப்பும் பொம்மையும் இருக்கின்றன என்று பணிவாக நினைவூட்டுங்கள். அதைவிட நல்ல வழி, அவரையே கூப்பிட்டு மேற்குக் காற்றாக நிற்க வைப்பது.

கடைசியாக இதயம். தரையில் நாலு அறை வரைந்து, வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் நடுவில் தடித்த கோடு போடுங்கள். ரத்தமாக வருபவர்கள் உடம்பிலிருந்து வலது மேலறை, வலது கீழறை, அங்கிருந்து நுரையீரல் (கரும்பலகை ஓரம்), அங்கே ஆக்சிஜன் சீட்டு வாங்கிக்கொண்டு இடது மேலறை, இடது கீழறை, மறுபடி உடம்பு. வால்வாக நிற்கும் இரண்டு பேர் மெட்ரோ ஸ்டேஷன் கேட் மாதிரி ஒரு பக்கம்தான் விடுவார்கள். திரும்பி வரும் ரத்தத்துக்கு நீல அட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது கருஞ்சிவப்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் ரத்தம் இந்தச் சுற்றை முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது என்று சொன்னால் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்கள், தயாராக இருங்கள்.

முடிந்ததும் கோட்டை ஈரத்துணியால் அழித்துவிடுங்கள். நான் ஒருநாள் மறந்து போனேன். மறுநாள் காலை பெல் அடிக்கும் முன்னால் போய்ப் பார்த்தால் என் இதயத்தில் சில்லு போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் வலது கீழறையிலிருந்து நேராக இடது கீழறைக்குத் தாவப் போக, பின்னால் நின்றவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "டேய், அங்க செவுரு இருக்கு, நுரையீரலுக்குப் போயிட்டு வா!"